மொட்டைக்கு மாமா சொன்ன அர்த்தம்

எனக்குக் கடலூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஆனால் சொந்தக்காரர்களுக்கு நான் வெளிநாட்டுப் படங்களின் முடிவை விளக்கும் ஆள். படம் புரியவில்லை என்றால் உடனே போன் வந்துவிடும்.

சித்திரையில் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து தாய்மாமா கூப்பிட்டார். "மாப்ளே, ஒரு படம் பாக்கணும். நீ கூட இருந்தா தேவல."

பக்திப் படத்தைத் தாண்டாத மனுஷன் அவர். கேட்டதோ பங்க் பையன்களைப் பற்றிய படம். முடியைச் சேவல் கொண்டையாக நிமிர்த்தி, சட்டையெல்லாம் ஊக்கு குத்தி, கத்திப் பாடுகிற கும்பல் அது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமாவின் ஒரே பையன், என் மச்சான், சென்னையில் டிரம்ஸ் வாசிக்கிறான். மார்கழித் தேருக்கு அப்படியொரு பச்சைக் கொண்டையோடு வந்து நின்றான். "அத எடுத்துட்டு வாசப்படி ஏறு" என்றார் மாமா. அவன் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அத்தை மட்டும் கோயிலுக்குப் போகிற சாக்கில் அவனோடு போனில் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். மாமா குறட்டை விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. அப்பனோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன பையன், கடைசிக் காட்சியில் மழுங்க மழித்த தலையோடு ரயிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

கும்பலையும் கோபத்தையும் அவன் விட்டுவிட்டான், வயசு வந்துவிட்டது, அதற்கு அடையாளம்தான் மொட்டை என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நான் சொன்னது எனக்கே பிடித்திருந்தது.

"அப்பன் போயிட்டான்டா" என்றார் மாமா.

"அப்படி ஒண்ணும் காட்டலியே மாமா."

"காட்டணுமா? வேண்டுதல்னு சொல்ல அவுங்க ஊர்ல ஏது வைத்தீஸ்வரன்கோயில்? அப்பன் செத்தாத்தான் இந்த மாதிரிப் பய மொட்டை அடிப்பான். காரியத்த முடிச்சிட்டுத் திரும்புறான். ரெண்டு பேருக்கும் ரோஷம் ஜாஸ்தி. கடைசி வரைக்கும் பேசிக்கல பாரு."

அத்தை காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

மாமா என் போனைக் கேட்டு வாங்கினார். தன் நம்பர் என்றால் பையன் எடுக்க மாட்டான் என்ற பயம்.

"சொல்லு மச்சான்" என்றது அவன் குரல்.

"நான்தாம்பா."

அவன் வைத்துவிடுவானோ என்று மாமா அவசரப்பட்டார்.

"ஆனித் தேருக்கு வந்துடு" என்றார் மாமா. "முடி அப்படியே இருக்கட்டும். எடுத்துடாத."