குப்பைக்குச் சூளை வச்ச பழமலைநாதன்

எங்க தெருவுல பழமலைநாதன்னு ஒருத்தன் இருக்கான். செராமிக் கம்பெனியில சூள வேக வைக்கிற வேல. பொம்ம, ஜாடி, கரண்டு பியூஸ் கட்ட எல்லாத்தயும் உள்ள அடுக்கி வேக வச்சு எடுக்கணும். ரொம்ப வருசமா அதே வேலயா, அவன் மண்டையும் நல்லா வெந்து போச்சு. வூட்டுல சோத்துப் பானைய எறக்குனாகூட, "ஆறட்டும், இப்பத் தொறந்தா வெடிச்சுடும்"னு பொண்டாட்டிய மெரட்டுவான்.

அவங்கப்பன் வச்சுட்டுப் போனது அரக்காணி நெலம். எம் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடியே இருக்குது. நெலமா அது? மழ பேஞ்சா கால வுடாது. வெயிலடிச்சா எம் பல்லு மாதிரி சந்து சந்தா நிக்கும். போட்ட வெத எல்லாம் உள்ளயே செத்துப் போவும். அவன் பொண்டாட்டி துர்காதேவி சொல்லிட்டா: "யோவ், செங்கல் சூளைக்காரன் மேல்மண்ணக் கேக்குறான். அள்ளிக் குடுத்துட்டு வேலையப் பாருய்யா."

"அள்ளிட்டா அப்புறம் அது நெலமில்லடி, குட்ட"ன்னு இவன் கத்துனான். கத்தி ஓஞ்சு, ஒரு பேச்சுக்கு வந்தாங்க. ஆடியில உளுந்து வெதைக்கணும். மொளச்சா நெலம் தப்பிச்சுது. மொளைக்கலன்னா மண்ணு போவும்.

மாசியில பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுனாங்க. வெட்டுன கொல்லையில காஞ்ச தோகையக் கொளுத்திடுவாங்க. இவன் போயி அதக் கேட்டு வாங்கி, டிராக்டர்ல ஏத்தியாந்து, கொல்லைக்குப் போற வழியில கொட்டுனான். மக்க வச்சுப் போட்டா மண்ணு பொலபொலன்னு ஆவுமாம். எவனோ போன்ல காட்டியிருக்கான்.

"பெரிம்மா, கொஞ்சம் சாணி குடுங்க"ன்னு எங்கிட்ட வந்து நின்னான்.

"எடுத்துக்கடா. மூஞ்சியிலயும் கொஞ்சம் பூசிக்க."

சாணியக் கரச்சுத் தெளிச்சான். அதுவரைக்கும் செரி. அப்புறந்தான் புத்தியக் காட்டுனான். ஜாடி அடுக்குறாப்ல தோகைய நெருக்கி நெருக்கி அடுக்கி, சுத்திவரக் களிமண்ண அப்பி மூடிட்டான். ஒரு வாரத்துல வெடிப்பு வழியா ஆவி வந்துது. "பாத்தீங்களா பெரிம்மா, சூடு ஏறுது!"ன்னு குதிச்சான். குதிச்சுட்டு, அந்த வெடிப்பையும் மண்ணு வச்சு அடச்சான். சூளையில சூடு வெளிய போவக் கூடாதில்ல!

"போன்காரன் தண்ணி தெளிச்சு அப்பப்ப கெளறச் சொன்னானேய்யா?"ன்னா துர்காதேவி.

"அவன் என்னாத்த சூள கண்டான்? வேவறப்பத் தொறக்கக் கூடாது."

சித்திரையில நாத்தம் கெளம்புச்சு பாருங்க. எம் புருசன் உசுரோட இருந்தப்ப சாராயத்தக் குடிச்சுட்டு வந்து பக்கத்துல படுப்பான், அந்த மனுசன்கூட அப்பிடி நாறுனதில்ல. எம் மாடே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

துர்காதேவி நேரா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிட்டா. ஆடு காணாப் போனாலும், அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாலும், போலீசுக்குக் குடுக்குறாப்ல சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டுறது எங்க பக்கத்துப் பழக்கம். கேசு முடிஞ்சா திரும்பப் போயி வாபஸ் வாங்கணும். இவ புருசன் மேலயே கட்டிட்டா: 'அந்தக் குப்ப அந்த எடத்த வுட்டுப் போவணும்.' கொளஞ்சியப்பருன்னா முருகன்தான, பாவம். அவரு வூட்டுலயே ரெண்டு பேரு. இதுல இவ பஞ்சாயத்து வேற.

சேதி தெருவெல்லாம் பரவவும், அவன் மானம் தாங்காம மண்ண ஒடச்சுத் தொறந்தான். மேல சளியாட்டம் கொழகொழன்னு கெடக்குது. நடுவுல தோக வச்சது வச்சபடி.

"வேவலியேடா"ன்னேன்.

தலையில கைய வச்சு உக்காந்துட்டான். இனி எதுக்கு ஆடி வரைக்கும்னு துர்காதேவி செங்கல் சூளைக்காரனுக்குப் போன் போட்டா. மறுநாளே டிராக்டர் வருதுன்னான். ஆனா டிராக்டர் போற வழியில குவியல் நிக்குதே!

"தள்ளுய்யா அத."

"செத்தாலும் தொட மாட்டேன்."

இவளே மம்பட்டியத் தூக்குனா. வெட்டி வெட்டி அந்தாண்ட எறிஞ்சா. அவன் ஆத்தா, அப்பன், வேல குடுத்த மொதலாளி ஒருத்தரயும் வுடல. வசவுக்கு ஒரு வெட்டு. நாறுனதும் காஞ்சதும் ஒண்ணாக் கலந்து, ஓரமாப் புதுக் குவியல் ஆச்சு. அன்னிக்கே கோட மழ கொட்டுச்சு. வந்த டிராக்டர்காரன், சேத்துல எறங்க மாட்டேன்னு திரும்பிட்டான்.

அதுலருந்து புருசன் மேல கோவம் வந்தா அவளுக்கு அந்தக் குவியலத்தான் வெட்டணும். வாரம் தவறாமக் கோவம் வரும் அவளுக்கு. நாத்தம் போச்சு. குப்ப கறுத்து, காப்பித்தூளாட்டம் உதுந்துது. சூளைக்காரன் மறுபடி போன் போட்டான். "ஆடி வரைக்கும் பேச்சிருக்குது, பொறவு வா"ன்னுட்டா. இடுப்பொடிய வெட்டுனவளாச்சே, சும்மா வுடுவாளா?

ஆடியில குப்பைய எறச்சு, ஓட்டி, உளுந்து வெதச்சாங்க. இவன் வேலைக்குப் போறதுக்கு முந்தி மண்ணையே மொறச்சுக்கிட்டு நிப்பான். ஒரு நாளு, "பெரிம்மா, வந்துட்டுது!"ன்னு கத்துனான் பாரு, நான் மாடுதான் கன்னு போட்டுடுச்சுன்னு ஓடுனேன். உளுந்து மொளச்சிருந்துது. எல்லா எடத்துலயும் இல்ல, ஒரு மூல இவன் தலையாட்டம் சொட்டதான். மிச்சம் பச்சப்பசேல்னு நின்னுது.

சூளைக்காரன் நேராவே வந்து பாத்தான். "எம் மண்ணு மேல கைய வச்ச, உன்னயே வச்சு செங்கல் அறுத்துடுவேன்"னா துர்காதேவி.

பிராத வாபஸ் வாங்க ரெண்டு பேரும் போனாங்க. குப்ப எடத்த வுட்டுப் போயிடுச்சு, சாமி எம் பக்கந்தான்னு அவ சொல்றா. நெலத்துக்குள்ளதான போச்சு, எம் பக்கந்தான்னு இவன் சொல்றான். சாணி யாருதுன்னு ஒரு நாயும் சொல்லல. வெளஞ்ச உளுந்துல வட சுட்டுக் குடுத்தாங்க. உப்பு பத்தல.

இந்த மாசியில மறுபடி ஒரு லோடு தோக எறங்கியிருக்குது. பழமலைநாதன் களிமண்ணக் கொழைக்கக் குந்துனான். துர்காதேவி மம்பட்டியோட வந்து நின்னா. நான் கூடையில சாணிய எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன், அவகிட்ட.