பச்சைப் பொத்தான்

காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துத் தர மிஷின் வைத்திருந்தார்கள். அது தருவதைச் சரிபார்க்க ஒரு மருந்தாளுநர், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைக் கோட்டில் நிற்பார். சீட்டை ஏறிட்டும் பாராமல் ‘சரி’ என்ற பச்சைப் பொத்தானை அமுக்குவார். பிறகு கைக்குட்டையால் மிஷினின் கண்ணாடியைத் துடைப்பார். அவர் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் வேலை போலும்.

ஒருநாள் இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே பிரஷர் மருந்து, இரண்டு பெயர்களில் எனக்கு வந்து விழுந்தது.

“ரெண்டும் ஒரே மருந்து. நீங்க பாக்க மாட்டீகளா?” என்றேன்.

“மிஷின் தப்பே பண்ணாது. அங்குட்டு நகருங்க” என்றார்.

வெளியே வந்து எதிர்த்த மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் அட்டைகளைத் திருப்பிப் பார்த்து ஒன்றை ஒதுக்கினார்.

மறுநாள் அதே கடையில் அந்த மருந்தாளுநர் நின்றார்.

“எங்கம்மாவுக்குண்ணே. ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துக் குடுங்க” என்றார்.

வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.