பூட்டிய கதவுக்கு அடியில்

நமுனுகுலயில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊன்றுகோல்களோடு தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லாத லய வீட்டு வரிசை வரை வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வாய்க்கால். கடக்க ஒற்றைப் பலகைதான். போலியோ வந்த என் கால்களுக்கு அது ஆகாது. இந்தப் பக்கமே தரையில் உட்கார்ந்து லயத்தை வரைகிறேன்.

கடைசி வீட்டுக் கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி. பின் ஜன்னல் வெளிச்சம் அதில் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் மெல்ல நகர்கிறது.

கொழுந்துக் கூடையோடு வரும் பெண்ணிடம், உள்ளே யார் என்று கேட்கிறேன்.

"யாருமில்லீங்க. எல்லாம் இந்தியா போயிட்டாங்க. வெளிய பூட்டு தொங்குது பாருங்க. தெனமும் இந்த வழியாத்தான் போறேன், ஒன்னும் பாத்ததில்லயே."

"நின்னா தெரியாது. உக்காந்து பாருங்க."

சிரித்துக்கொண்டே கூடையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்காருகிறாள். குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

"யாரு உள்ள?" என்று குரல் கொடுக்கிறாள்.

நிழல் கதவருகே வந்து நிற்கிறது.

"அதையும் வரைஞ்சிடுங்கம்மா," என்று என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

வரைகிறேன். வரைந்து முடிக்கும்வரை அந்தக் கால்கள் அசையவே இல்லை.