நெற்றியில் ஒட்டிய காலணா

கந்தவேலுக்குக் கொடைக்கானல் விடுதிகளில் கீசர் பழுது பார்க்கிற வேலை. குழாய்க்குள் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும் உப்பைக் கரைத்துக் கரைத்து, எந்த அழுக்கும் கரையும் என்றொரு நம்பிக்கை அவருக்குள் ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூஞ்சிக்கல்லில் ஜலீலின் பழைய சாமான் கடைக்குப் போய் செப்புக் காசுகள் வாங்கி வருவார். புளி, எலுமிச்சை, சோடா உப்பு என்று ஒவ்வொன்றாக ஊறப்போட்டுப் பார்ப்பார். மினுக்கம் கூடிப்போனால் பழங்காசு போலத் தெரியாதே, அதற்கும் வழி வைத்திருந்தார். அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தால் காசு தானாகக் கறுத்துவிடும்.

மகள் நதியா கேலி செய்வாள். "டூரிஸ்டுக்குத்தான் ஸ்பா வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல காசுக்குமாப்பா?" ஜலீல் இன்னும் ஒரு படி மேலே போவார். "ஏலே கந்தா, நீ பொணத்து நெத்திக்காசக்கூட வெளக்கிப் பாக்குற ஆளு." கந்தவேலும் சேர்ந்து சிரிப்பார்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நதியா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். நெற்றியில் ஒட்ட யாரோ ஒரு ரூபாய் நீட்டினார்கள். அவள் அம்மா லீலா அந்தக் கையை விலக்கிவிட்டு, ஜன்னலோரம் இருந்த காலணாவை எடுத்துச் சந்தனம் அப்பி ஒட்டினாள். மகள் தன் கையால் துலக்கி அப்பாவிடம் காட்டிய ஒரே காசு அது. உடலை எடுக்கும் நேரத்தில், சந்தனத்தோடு அப்படியே பெயர்த்துக் குங்குமச் சிமிழில் வைத்துக்கொண்டாள். தினமும் எழுந்ததும் அதைத் திறந்து பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போவாள். அவளை எழுப்பி நடமாட வைத்திருப்பது அந்தச் சிமிழ்தான் என்று கந்தவேலுக்குத் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்தது. செருப்பு, துணி, அரிசிச் சாக்கு எல்லாம் பூஞ்சை பூத்தன. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று லீலா அடுக்கம் கிராமத்துக்குப் போனாள். நனைந்துவிடும் என்று பயந்து சிமிழை வீட்டிலேயே விட்டுப் போனாள். கந்தவேல் திறந்து பார்த்தார். காசின் ராஜா தலைப் பக்கம் பச்சைப் பொடி கிளம்பியிருந்தது. செம்பைத் தின்கிற பச்சை அது. விட்டுவைத்தால் காசே மிஞ்சாது என்று பட்டது. லீலாவுக்காகத்தான் கை வைத்தாரா, கை சும்மா இருக்காமல் வைத்தாரா? பிறகு யோசித்தபோது அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காசைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து, தலைப் பக்கத்தை மட்டும் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் ஒற்றினார். பச்சை விட்டது. இன்னும் ஒரு சொட்டு. சாறு விளிம்பில் வழிந்து அடியில் இறங்கியதை அவர் கவனிக்கும்போது சந்தனம் ஓடு போலக் கழன்று கிண்ணத்தில் விழுந்து கலங்கிவிட்டது. காசு பளபளவென்றிருந்தது. பதற்றத்தில் கிண்ணத்தைக் கொல்லை வாய்க்காலில் கொட்டிவிட்டார்.

லீலா வருவதற்குள் முட்டை அவித்தார். காசு கறுத்தது. சந்தனம் உரைத்து அப்பி, அடுப்புச் சூட்டில் காட்டி, பழையதைப் போலவே வெடிக்கும்வரை உலர்த்தினார். இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் அவர் செய்ததில்லை. அப்படி நினைத்தபோது ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை லீலா சிமிழைத் திறந்தாள். காசை முகர்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஏங்க, இதத் தொட்டீங்களா?"

பச்சை பிடித்திருந்ததை, துடைக்கப் போனதைச் சொன்னார். சந்தனத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"சந்தனத்துல புருவ முடி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு," என்றாள் லீலா. "அவ முடி. அது எங்க?"

அந்தக் காசை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். முடி எதுவும் கண்ணில் பட்டதில்லை.

லீலா குரலை உயர்த்தவில்லை. காசை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஒங்க காசோட போட்டுக்கங்க." மறுபடியும் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

கந்தவேல் கொல்லைக்குப் போனார். வாய்க்காலில் மழைத் தண்ணீர் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து, கையை விட்டுத் துழாவத் தொடங்கினார்.