செக்கு எண்ணெயும் சைக்கிள் பிரேக்கும்

தேங்காய் எண்ணெயால் ஒரு கெடுதல் வரும் என்று போன மாதம் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அவர்களுக்குக் காபிகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

எங்கள் தோப்பு பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் காய், எங்கள் கொப்பரை, தெரிந்தவர் செக்கில் ஆட்டி வாங்குகிற எண்ணெய். தலைக்கு அதுதான், தாளிக்கவும் அதுதான். அரிவாள் துருப்பிடித்தால், வாசல் கேட்டின் கீல் கத்தினால், கிணற்று உருளை முனகினால் – ஒரு துணியில் தொட்டு ஒரு இழுப்பு. என் வீட்டில் எந்தச் சாமானும் சத்தம் போடாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

உண்டு என்றா சொன்னேன்... இருந்தது.

என் மகன் செந்தில் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தோப்பில் மோட்டார் போடப் போனவன், மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். சைக்கிள் மிதித்து மிதித்துத்தான் இப்படி ஆனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சைக்கிள் என்ன செய்யும்? அது பாட்டுக்கு கார் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது.

மலைக்கென்றே செய்த சைக்கிள் அது. டயரெல்லாம் பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சிநேகிதன் பிரகாஷோடு வால்பாறைப் பக்கம் போய்விடுவான். தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் ஏறி, சோலைக்காட்டுக்குள் புகுந்து, அதற்கும் மேலே புல்மேடு வரைக்கும் மிதிப்பார்கள். அங்கே என்னடா இருக்கிறது என்று கேட்பேன்.

“ஒண்ணுமில்லீங்கம்மா. புல்லும் காத்துந்தான்” என்பான்.

ஒன்றுமில்லாததைப் பார்க்கவா இத்தனை பாடு? சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மலை ஏறுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பழனிக்குக்கூடப் போக மாட்டோம். பண்டிகையும் கிடையாது. என் மருமகள் சரண்யா டீச்சர் வேலை பார்க்கிறவள், இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எனக்காகப் பொறுத்தாள். சைக்கிள் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள்.

வருஷத் திதி முடிந்த மறுநாள் காலையில் பேச்சை எடுத்தாள். ஓசூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறதாம். தீபாவளி கழிந்ததும் போய்ச் சேர வேண்டுமாம். போவதற்கு முன்னால் செந்தில் போன தடத்தில், செந்தில் சைக்கிளிலேயே, ஒரு தடவை போய்விட்டு வர வேண்டுமாம்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அதைச் சாக்கு வைத்தாவது என்னோடு இருந்திருப்பாள். சின்ன வயசுக்காரி. இந்தப் பெரிய வீட்டில், என் முகத்தையே பார்த்துக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? மனசில் ஆயிரம் வந்தது. வாயில் ஒன்றுதான் வந்தது.

“உன்ற இஷ்டம் கண்ணு.”

வருஷம் திரும்பியதும் வந்த முதல் பண்டிகை ஆயுத பூஜை. ஒரு வருஷம் நின்றுபோன பூஜை இல்லையா, குறை வைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்த இரும்புச் சாமான் எல்லாவற்றையும் இறக்கினேன். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள்மனை, மோட்டார்... கடைசியில் சைக்கிள். பெட்ஷீட்டை எடுத்துவிட்டு நானே கழுவினேன். சக்கரத்து நடுவில் முறுக்கு அச்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு இருந்தது. அதில் துரு. மனசு கேட்கவில்லை. இரண்டு சக்கரத்துத் தட்டையும் எண்ணெய்த் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். துரு போய்ப் பளபளவென்று ஆனது. சந்தனம், குங்குமம் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். பிரகாஷ் வனத்துறையில் பர்மிஷன் வாங்கி, வாடகை ஜீப்பும் பேசியிருந்தான். அவன் ஒரு சைக்கிள், சரண்யா ஒரு சைக்கிள். செந்தில் இருந்தபோதே அவள் கூடப் போய்ப் பழகியவள்தான். நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தோட்டத்து ரோடு தொடங்குகிற இடத்தில் சைக்கிள்களை இறக்கினார்கள். பிரகாஷ் காற்றுப் பார்த்தான், செயின் பார்த்தான். அவர்கள் முன்னால் போக, ஜீப் பின்னால் ஊர்ந்து போனது. மழை விட்டுவிட்டுத் தூறியது. சோலைக்காட்டுக்குள் பகலிலேயே இருட்டு. மரமெல்லாம் பாசி பிடித்துச் சொட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். மூச்சு வாங்கும்போது சரண்யா காலை ஊன்றி நிற்பாள், பிறகு மிதிப்பாள். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். செந்திலுடைய ரெயின்கோட்டைப் போட்டிருந்தாள்.

மேலே போனால்... பனிமூட்டம். புல் இருந்தது, காலடியில் கொஞ்சம் தெரிந்தது. காற்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மகன் பொய் சொல்லவில்லை.

சரண்யா புல்லில் உட்கார்ந்தாள். நான் ஜீப்பை விட்டு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏதாவது பேசலாம் என்றுதான் போனேன். ஓசூரில் தண்ணீர் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றாள். இத்தனை உயரம் ஏறி வந்து கேட்கிற கேள்வியா அது?

இறக்கத்தில்தான் நடந்தது.

ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. இறங்கும்போதும் தொடக்கத்தில் புல்மேடு சாய்வாகத்தான் இருந்தது. பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது என்று சரண்யா சொன்னாளாம். வருஷம் முழுக்கச் சும்மா நின்ற சைக்கிள், மழை ஈரம் வேறு, பிடித்துப் பிடித்து வந்தால் சரியாகிவிடும் என்று பிரகாஷ் சொன்னானாம். சோலைக்காடு முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் செங்குத்தாக ஒரு வளைவு. பிரகாஷ் பிரேக் பிடித்தான். ஈரத்தில் அவன் சைக்கிள் கோழியை அமுக்கியது மாதிரி கத்திக்கொண்டு நின்றது.

செந்தில் சைக்கிள் சத்தமே போடவில்லை. அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

ஜீப் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரை ஒடித்துத் தேயிலைச் செடிக்குள் விட்டாள். செடிதான் அவளைத் தாங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை தொங்கியது. முகம் வெளுத்திருந்தது.

பிரகாஷ் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அந்த இரும்புத் தட்டைத் தொட்டான். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

“ஏனுங்கம்மா, இதுக்கு ஆருங்க எண்ணெய் போட்டது?”

“நாந்தாஞ் சாமி. நம்ம செக்கு எண்ணெய்” என்றேன். பெருமையாகவே சொன்னேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பிறகுதான் பொறுமையாக விளக்கினான். அந்தத் தட்டைக் கவ்விப் பிடித்துத்தான் சைக்கிள் நிற்குமாம். அதில் எண்ணெய் பட்டால் பிடிக்கிற கட்டையும் ஊறிப்போய், வழுக்கிக்கொண்டே போகுமாம். இத்தனை காலம் எண்ணெய் போட்டால் எல்லாம் நன்றாக ஓடும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நிற்பதற்கென்று செய்த சாமானும் உண்டு என்று யார் யோசித்தது?

பொள்ளாச்சியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. கையைக் கழுத்தோடு தூளி கட்டிவிட்டார். எலும்பு கூட ஒரு மண்டலத்துக்கு மேல் ஆகுமாம். தீபாவளி கழிந்து ஓசூர் போவது நடக்காது. சரண்யா ஸ்கூலுக்குப் போன் போட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இதை எழுதுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தோப்பு ராசாத்தி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். எப்போதும் கேலி பேசுகிறவள். எல்லாம் கேட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

“எப்படியோ, புடிச்சு நிறுத்திப்போட்டீங்களேக்கா.”

அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் போட்டது. சாமி அறியப் போட்டது. ஆனால் தூளி கட்டிய கையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, இனி கொஞ்ச நாள் இங்கேதான் இருப்பாள் என்று என் மனசு ஓரத்தில் ஒன்று ஆறுதலாக மூச்சு விட்டதே... அதை எந்தக் கணக்கில் வைப்பது?

ஒரு கையால் அவளால் தலை பின்ன முடியாது. காலையில் நான்தான் எண்ணெய் தேய்த்துச் சீவிவிடுகிறேன். நேற்றும் அப்படித்தான், முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“ராசாத்தியக்கா சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க அத்தை. நீங்க தெரியாமத்தான் போட்டீங்க. அது எனக்குத் தெரியுங்க.”

“ஆமாங் கண்ணு.”

“தெரிஞ்சிருந்தா?”

சீப்பு நின்றுவிட்டது.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். என்ன பேச்சு பேசுகிறாய் என்று கோபப்பட்டிருக்கலாம், எனக்குக் கோபம் சுலபமாக வரும். அந்த வளைவையும் பள்ளத்தையும் நானே கண்ணால் பார்த்தவள். அப்படியிருந்தும் அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

“தலையை ஆட்டாதே, சிக்கு இருக்குது” என்றேன்.

எங்கள் செக்கு எண்ணெய் தேய்த்த தலையில் சிக்கு ஏது?