நாலு பூச்சுச் சுண்ணாம்பு

யுத்தம் முடிந்துவிட்டது, இனி அரசாங்கத்துக்கு எங்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும் என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்கு ஒன்பது வயது. நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில், கண்டக்குழியில் அடைமழை பெய்து கடலோரக் களப்புத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. ஐந்து நாள் மாதா கோயிலில் படுத்துக் கிடந்துவிட்டு வீடு திரும்பினோம். உள்ளே வைத்திருந்த அப்பாவின் வள்ளத்து எஞ்சின் சேற்றில் புதைந்து கிடந்தது. சுவரைச் சுற்றி, தண்ணீர் நின்ற உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு.

கிராம சேவகர் வந்து பார்த்தார். மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருவார், அவருடைய பட்டியலில் வீடு ஏறினால் எஞ்சினுக்கும் சேர்த்து உதவி கிடைக்கும் என்றார். எப்போது என்று அப்பா கேட்டார்.

"நாளைக்கு. இல்லாட்டி நாளண்டைக்கு."

அப்பா தினமும் காலையில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார். அதிகாரி வரவில்லை. நத்தார் மட்டும் சொன்ன நாளில் வருவதாக இருந்தது.

இந்த அழுக்குக் கோட்டுக்குக் கீழே இயேசு பாலன் குடிலை வைக்கக் கூடாது என்று நான் அழுதேன். அம்மா முதலில் மறுத்தார். இரண்டு நாள் நான் சோறு தின்னாமல் அடம்பிடித்த பிறகு சுண்ணாம்பு கரைத்தார். ஒரு பூச்சு அடித்தால் கோடு மறுபடி எட்டிப் பார்த்தது. நாலாவது பூச்சில்தான் மறைந்தது. சுவரின் கீழ்ப்பாதி முழுவதும் என் கைவேலை. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரும் வெள்ளை அடித்தார்கள். பிறகு எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதும் வெள்ளையாகிவிட்டன.

நத்தார் முடிந்து குடிலைக் கலைத்த பிறகு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் அல்ல, வெயிலில் களைத்துப்போயிருந்தார். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். அதிகாரி சுவரைப் பார்த்தார்.

"கோடு எங்க எண்டு கேக்கிறார்," என்றார் கிராம சேவகர்.

"நாங்க அடிச்சு மறைச்சிட்டம். நாலு பூச்சு," என்றேன் நான், பெருமையாக.

எஞ்சினையும் காட்டினோம். கோடு இல்லாமல் எழுத முடியாதாம். ஒழுங்கையில் ஒரு வீடும் பட்டியலில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம் நடந்தது. அதிகாரி ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். தான் வீடுகளைப் பார்த்த அன்றைக்கே அறிக்கை அனுப்பியதாகக் கிராம சேவகர் சொன்னார். மேலே உள்ளவர்கள் பாதை உடைந்திருந்தது என்றார்களாம். அவர்களுக்கும் மேலே உள்ளவர்கள் கடிதமே வரவில்லை என்றார்களாம். அவ்வளவு தூரம் போய்ச் சண்டை பிடிக்க எங்களில் யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி திரும்பி எங்களைப் பார்த்தார்.

"முதல்ல வெள்ளை அடிச்சது ஆர்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பதில் சொன்னார்.

"ஓம். நான்தான் அடிச்சது."

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மாமி வெகுகாலம் எங்களோடு கதைக்கவில்லை. அப்பா சொந்த வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு, இன்னொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார்.

அந்த வருடம்தான் எனக்கு முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை. அதற்கு முன், பாதரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னது, தம்பிக்கு அடித்தது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பெரியதைக் கடைசியாகச் சொன்னேன்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சேன் பாதர். அதாலதான் ஊருக்கு ஒண்டும் கிடைக்கல்ல."

அந்த வெள்ளத்துக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தவள், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருத்திதான். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாவம் அவ்வளவு பெரியதாக்கும் என்று நினைத்து, முழங்காலில் இன்னும் குனிந்துகொண்டேன்.