முந்திக்கொண்ட என் போன்

சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தபோது, என்னைவிட அறிவாளி இந்தப் பக்கம் யாரும் இல்லை என்று உறுதியாக நம்பினேன். அதை வெளியே சொல்லாமல் இருப்பதே பெரிய அடக்கம் என்றும் நம்பினேன்.

வேலை இதுதான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையைப் போனில் படம் எடுத்தால், அது பழமா காயா என்று போன் சொல்ல வேண்டும். அதற்குப் போனைப் பழக்க ஏராளமான படங்கள் தேவை. ஆனால் எந்தத் தோட்டமும் தன் படங்களை வெளியே கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் படங்கள் அந்தந்தப் போனிலேயே இருக்கும். போன் அவற்றைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, கற்றதை மட்டும் எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் எல்லாப் போன்களின் பாடத்தையும் கலந்து திருப்பி அனுப்பும். இதற்குக் கூட்டுக் கற்றல் என்று பெயர் சொல்லிவிட்டு, கேட்பவர் முகத்தில் மரியாதை தோன்றுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

ரெங்கத்தில் ஒரு தோட்டம், சாஆவில் ஒரு தோட்டம், மூவார் பக்கம் சில சிறு தோட்டக்காரர்கள். குலைகளைத் தரம் பார்ப்பவர்களின் சொந்தப் போன்களில் எங்கள் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். சில போன்கள் புதியவை. பல போன்கள் பிள்ளைகள் பயன்படுத்தி ஒதுக்கியவை. எனக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. ஐந்து நிமிடத்துக்குள் பாடத்தை முடித்து அனுப்பும் போனுக்கு மட்டுமே இடம், பிந்தியதைத் தள்ளிவிடு என்று எழுதிவைத்தேன். அதிகப் படம் வைத்திருக்கும் போனின் பேச்சுக்கு அதிக மதிப்பு என்றும் எழுதினேன். இரண்டும் அப்போது மிகவும் நியாயமாகத் தோன்றின.

பிறகு நானும் உதவலாமே என்று, புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு ரெங்கம் தோட்டத்துக்குப் போனேன். என் விலையுயர்ந்த போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். நல்ல காலை வெயில், மேட்டு நிலம், குலைகள் எல்லாம் சிவந்து பளபளத்தன. வியர்க்க ஆரம்பித்ததும் திரும்பிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே நேரம், அதே இடம், அதே வியர்வை.

சோதித்துப் பார்த்தபோது செயலி தப்பே செய்யவில்லை என்று சொல்லலாம். சோதித்ததும் நான் எடுத்த படங்களை வைத்துத்தான். கேள்வித்தாளும் நானே, மாணவனும் நானே, மார்க் போட்டதும் நானே.

அந்தப் பெருமையோடு சாஆவுக்குச் செயல்விளக்கம் காட்டப் போனேன். முந்தின நாள் முழுக்க மழை. குலைகள் நனைந்து, சேறு அப்பிக் கிடந்தன. மானேஜர், நாலைந்து தொழிலாளர்கள், அங்கே தரம் பார்க்கும் அக்கா எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதல் குலையைப் படம் எடுத்தேன். "பழுத்தது" என்று பச்சை எழுத்து மின்னியது.

"அலமாக்," என்று மலாயில் அதிர்ந்தார் அக்கா. "தம்பி, இது கல்லு மாதிரி காய். கறுப்பா இருக்கு பாருங்க. பழுத்தா தானா உதிரும், இதுல ஒன்னுகூட உதிரல."

"வெளிச்சம் சரியில்லக்கா," என்றேன்.

இடம் மாறி எடுத்தேன். மறுபடியும் பழுத்தது. மானேஜர் தன் ஈரச் சப்பாத்துக் காலை நீட்டி, "இத எடுத்துப் பாருங்க," என்றார். நான் எடுத்திருக்கக் கூடாது. சப்பாத்தும் பழுத்திருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார்.

"சந்தேகமா இருக்கறத எல்லாம் எடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு வாரமா இந்த மாதிரி காயத்தான் எடுத்துக்கிட்டு இருக்கேன். மத்தியானம் சாப்பிடுறப்ப சார்ஜில போட்டு, அது படிக்கட்டும்னு மகளுக்குக்கூட போன் பண்றதில்ல. தெனமும் 'நன்றி, உங்கள் பாடம் எங்களுக்கு உதவியது'ன்னு காட்டுது லா."

அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். லேப்டாப்பைத் திறந்து அவருடைய போனின் கணக்கைத் தேடினேன். ஒவ்வொரு நாளும் ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு நாளும் பிந்தியிருந்தது. ஒவ்வொரு நாளும் தள்ளப்பட்டிருந்தது. பாடத்தை ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தியதுமே நன்றி சொல்லும்படி வைத்திருந்தேன். பாடம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும்படி வைக்கவில்லை.

லைன் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க போன் அனுப்புனது ஒன்னுகூட சேரல. ஸ்லோவா இருக்குன்னு நான்தான் தள்ளிட்டேன்."

அவர் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்ப எதுக்கு நன்றி?" என்றார்.

நான் லேப்டாப்பை மூடினேன்.

அலுவலகத்தில் என் பாஸ், என்னைவிட வயதில் இளைய பெண், பொறுமையாகக் கேட்டார். "மொத்தத்துல நம்ம செயலிக்கு எத்தன பேரு கத்துக் குடுத்திருக்காங்க?"

"பெரும்பாலும் ஒருத்தர்தான்."

"யாரு?"

"நான்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

அதன்பின் சில வாரங்கள் உண்மையிலேயே உழைத்தேன். மெதுவான போனுக்குச் சின்ன வேலையாகக் கொடுத்தேன். பாதியில் நின்றாலும் முடித்த வரைக்கும் வாங்கிக்கொண்டேன். அனுப்பும் சுமையையும் குறைத்தேன். எத்தனை படம் என்பதோடு, வேறு யாரிடமும் இல்லாத படமா என்பதையும் கணக்கில் எடுத்தேன். ஊர் வாரியாகச் சோதித்து, எங்கே மோசம் என்பதை முதலில் பார்க்கப் பழகினேன். பட்டியலிலிருந்து என் போனை என் கையாலேயே நீக்கினேன். கொஞ்சம் வலித்தது.

உடனே ரெங்கத்திலிருந்து புகார் வந்தது: "முன்ன நல்லாத்தானே சொல்லுச்சு, இப்ப ஏன் நல்ல பழத்தையெல்லாம் சந்தேகப்படுது?" சாஆவின் சந்தேகம் அங்கேயும் பரவியிருந்தது. பொதுப் பாடத்தோடு தன் இடத்து வழக்கத்தையும் ஒவ்வொரு போனும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும்படி மாற்ற இன்னொரு மாதம் ஆனது.

மீண்டும் சாஆவுக்குப் போனபோது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மகளோடு பேசினாலும் போன் விட்ட இடத்திலிருந்து படிக்கும் என்றும் சொன்னேன். "அதான் நியாயம்," என்றார். பிறகு சோதனைக்காக நான் கொண்டுவந்த போனை வாங்கி, தானே இருபது குலைகளைப் பொறுக்கியெடுத்துச் சோதித்தார். தூறல் விழுந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

"பதினேழு சரி. மூணு தப்பு," என்றார். "புதுசா வேலைக்கு வர்ற ஆளவிட பரவால்ல."

அதற்குள் அடுத்த லோரி வந்துவிட்டது. போனை என் கையில் திணித்துவிட்டு, குலைகளைப் பார்க்கப் போய்விட்டார்.